கல்யாணத்தில் மறைத்த வலிப்பு மாத்திரை, இப்போது ஆறு வாரம் - நிறுத்திவிடலாமா?

சேர்மாதேவி மருமகள் | இரவு 11.52

எல்லாரும் தூங்கிவிட்டார்கள், மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். எனக்கு 24 வயது. பிறந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம், வாக்கப்பட்டு இங்கே வந்து எட்டு மாதம். பதினான்கு வயதில் காலையில் எழுந்ததும் கை வெட்டி வெட்டி இழுக்கும், காபி டம்ளர் எகிறி விழும், கவனமில்லை என்று அம்மா திட்டுவாள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் கண் விழித்துப் படித்த மறுநாள் முழு வலிப்பே வந்துவிட்டது. அன்றிலிருந்து சோடியம் வால்ப்ரோயேட், காலை 500, இரவு 500. நான்கு வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை.

பெண் பார்க்க வந்தபோது அப்பா சொல்ல விடவில்லை. "சொன்னா எவன் வருவான்" என்றார். அதனால் இவருக்கும் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. அட்டையைப் பிரித்து ஒரு பழைய கால்சியம் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், கேட்டால் சத்து மாத்திரை.

நாள் தள்ளிப் போய், முந்தாநாள் வீட்டிலேயே டெஸ்ட் பண்ணினேன், இரண்டு கோடு. கடைசியாகத் தலைக்குக் குளித்ததிலிருந்து ஆறு வாரம் மூன்று நாள். போனில் மாத்திரை பெயரைப் போட்டுப் பார்த்தேன், பிள்ளைக்கு ஊனம் வரும் என்று வந்தது. நேற்றும் போடவில்லை, இன்றும் போடவில்லை. நான் செய்தது சரியா?

மருந்துக்கடை மச்சான் | இரவு 12.09

தங்கச்சி, சரியில்லை. தண்ணீர் எடுத்து இன்றைய இரவு மாத்திரையை இப்போதே போடு. விட்டதற்கெல்லாம் சேர்த்து இரட்டையாகப் போடாதே, வழக்கமான ஒன்று போதும். காலையில் முதல் வேலையாக டாக்டர்.

வால்ப்ரோயேட்டைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கிக் கிடந்த வலிப்பு மொத்தமாகக் கிளம்பும், சில பேருக்கு ஒன்று நிற்காமல் அடுத்தது என்று தொடரும், அது தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர்ப் பிரச்சினை. மாத்திரையால் வரும் ஆபத்து உண்மைதான், அதை நான் மறைக்கவில்லை, ஆனால் அதைச் சரி பண்ணுவது நரம்பு டாக்டர் வேலை.

இன்னொன்று, கேட்டதும் எனக்குப் பகீர் என்றது. இந்த மாத்திரை காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், போடும் நேரம் வரை அட்டையை விட்டு வெளியே எடுக்கக் கூடாது. டப்பாவில் கொட்டி வைத்தது பிசுபிசுத்துப் போயிருந்தால் புது அட்டை வாங்கு.

பிரசவ வார்டு அக்கா | காலை 6.15

இரவுப் பணி முடித்து இப்போதுதான் பார்த்தேன். மாத்திரை போட்டாயாம்மா? முதலில் அதைச் சொல்.

நான் அரசு ஆஸ்பத்திரியில் செவிலியர், இருபது வருஷம் பிரசவ வார்டு. நீ தைரியமான பெண் மாதிரி எழுதியிருக்கிறாய், அதனால் நேராகச் சொல்கிறேன். சாதாரணமாகவே நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பிறவிக் குறையோடு பிறக்கும். வால்ப்ரோயேட் சாப்பிட்ட தாய்மாருக்கு அது நூறில் பத்து அளவுக்குப் போகும், டோஸ் கூடக் கூட எண்ணும் கூடும். குழந்தை பிறந்து பார்க்க நன்றாக இருந்தாலும், பேச்சு, படிப்பு, கவனம் இவற்றில் பின்தங்குவது நூறில் முப்பது நாற்பது பேருக்கு வரலாம். அதனால்தான் பிரிட்டனில் 2018லேயே, உறுதியான கருத்தடை ஏற்பாடு இல்லாமல் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். வலிப்புக்கே உள்ள வேறு மாத்திரைகளான லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டம் இரண்டிலும் இந்த ஆபத்து ஏறக்குறைய மற்ற தாய்மார் அளவுக்குத்தான்.

இதையே திருப்பிப் போட்டுப் பார், நூறில் தொண்ணூறு குழந்தை ஊனமில்லாமல் பிறக்கிறது. இரண்டையும் சேர்த்து மனதில் வை.

இந்த மாத்திரையால் வரக்கூடிய குறைகளில் ஒன்று முதுகுத்தண்டுப் பிளவு. குழந்தையின் முதுகுத்தண்டு மூடுவது கரு உண்டாகி 28 நாளுக்குள். உன் கணக்குப்படி அந்த நாள் ஒட்டி வந்துவிட்டது, இல்லை தாண்டிவிட்டது. அதனால் நேற்றும் இன்றும் நிறுத்தியதால் முதுகுத்தண்டைப் பொறுத்தவரை லாபம் ஒன்றும் பெரிதாக இல்லை, வலிப்பு வரும் அபாயம்தான் மிச்சம். மூளை வளர்ச்சி பத்து மாதமும் நடக்கிறது, அதற்காக டோஸைக் குறைப்பதோ மாற்றுவதோ இப்போதும் பலன் தரும், டாக்டர் கண் முன்னால். ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் எழுதித் தருவார்கள், கர்ப்பத்துக்கு முன்பிருந்தே போட வேண்டியது, பரவாயில்லை, இன்றே கேள்.

இயற்கை வழி | காலை 7.40

அம்மா, இங்கிலீஷ் மருந்து எல்லாமே விஷம். மூன்று மாதம் எதையும் தொடாமல் இரு. எங்கள் தாத்தா காலத்தில் இரும்புச் சாவியைக் கையில் கொடுத்தால் வலிப்பு நின்றுவிடும்.

மருந்துக்கடை மச்சான் | காலை 7.52

அண்ணாச்சி, சாவி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாக அடங்கும். பெயரைச் சாவி தட்டிக்கொண்டு போய்விடுகிறது. சும்மா கிடக்கிற பிள்ளையைக் கெடுக்காதீர்கள்.

தென்காசி மழை | காலை 9.30

நான் இங்கே படிக்க மட்டும்தான் வருவேன், எழுதியதில்லை.

எனக்கும் இதே மாத்திரை, ஒன்பது வருஷம், இதைவிடக் கூடின டோஸ். என் மகன் முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்தான். பிறந்த மூன்றாம் நாள் ஆபரேஷன். இப்போது ஆறு வயது, காலில் பிரேஸ் போட்டு நடக்கிறான், சிறுநீர் தானாகப் போகாது, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் டியூப் வைத்து நான்தான் எடுக்கிறேன். கெட்டிக்காரப் பயல், கணக்கில் வகுப்பில் முதலாவது. அவனைப் பற்றி எனக்கு வருத்தம் கிடையாது.

எனக்கு ஆத்திரம் வேறு இடத்தில். ஒன்பது வருஷமும் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஒரு டாக்டரிடம் போனேன். "ஃபிட்ஸ் வந்ததா, இல்லையா, அதே மாத்திரை" - இவ்வளவுதான் பேச்சு. கல்யாணம் வைத்தால் முன்னாடியே வா, மாற்றணும் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகையைக் கொண்டு போய் என் கையால் கொடுத்தேன், வாங்கி மேஜையில் வைத்தார், அப்போதும் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் கேட்கவில்லை, கேட்டால் வெளியே தெரிந்துவிடும் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாத ஊரில் போய் மருந்து வாங்கி வந்தார்கள். ஜாதகத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்க நாலு மாதம் அலைந்தோமே, அந்த நாலு மாதம் போதும் மாத்திரையை மாற்றுவதற்கு. இதை நினைத்தால்தான் இன்றைக்கும் தூக்கம் வராது.

தங்கை, உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. எல்லாரும் "ஒன்றும் ஆகாது" என்று சொல்லி அனுப்பினார்கள் எனக்கு. அப்படி உனக்கு யாரும் சொல்லக் கூடாது என்றுதான். ஸ்கேனை விட்டுவிடாதே, பதினெட்டு இருபது வாரத்தில் டிஃபா ஸ்கேன், முதுகையும் இதயத்தையும் உதட்டையும் தனியாகப் பார்க்கச் சொல், என்ன மாத்திரை என்று ஸ்கேன் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் படு.

பிரசவ வார்டு அக்கா | காலை 9.58

தென்காசி, இதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்துத் தப்புதான், நரம்பு டாக்டர் பிரசவ டாக்டர் சொல்லுவார் என்று இருப்பார், பிரசவ டாக்டரிடம் பெண் வருவதே எட்டாவது பத்தாவது வாரம்.

வள்ளியூர் காத்தாடி | மதியம் 1.20

ஆண் குரல் ஒன்று வேண்டும் என்று எழுதுகிறேன். என் மனைவிக்கும் வலிப்பு, எனக்கும் சொல்லாமல்தான் கட்டி வைத்தார்கள். கல்யாணமாகி நாற்பதாம் நாள், ராத்திரி, பக்கத்தில் படுத்திருந்தவள் உடம்பெல்லாம் முறுக்கி வாயில் நுரை. எனக்கு அது என்னவென்றே தெரியாது, செத்துப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் மாமனாரிடம் போய்ச் சண்டை போட்டேன், விவாகரத்து வரை பேச்சுப் போனது, வக்கீலையும் பார்த்தேன். அந்த வக்கீல்தான் சொன்னார், 1955 இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது, 1999இல் திருத்தம் கொண்டு வந்து எடுத்துவிட்டார்கள், வலிப்பு என்பதற்காகக் கல்யாணம் செல்லாது என்று சொல்ல முடியாது என்று. மறைத்துவிட்டார்கள், ஏமாற்றிவிட்டார்கள் என்ற பெயரில் வேண்டுமானால் இழுக்கலாம் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து யோசித்தால் எனக்குக் கோபம் பொய்யின் மேல்தான். அவள் மேல் இல்லை. இன்றைக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

மருமகளே, உன் வீட்டுக்காரரிடம் இன்றைக்கே சொல்லு. அவர் ராத்திரி தானாகப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட நூறு மடங்கு நல்லது.

கீழப்பாவூர் குளம் | மதியம் 2.05

அண்ணே, உங்களுக்கு நல்லபடி முடிந்தது, எழுதுகிறீர்கள். என் அக்காவை இதே காரணத்துக்காகக் கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார்கள், ஐந்து மாதக் கர்ப்பத்தோடு. "சொல்லிவிடு" என்பது வாயால் சொல்லச் சுலபம். முதலில் டாக்டரைப் பார்க்கட்டும், அப்பா அம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அப்புறம் சொல்லட்டும்.

ஓய்வு டீச்சர், பாளை | மாலை 4.45

நான் மாமியார் கட்சி. என் மருமகள் என்னிடம் மறைத்திருந்தால் எனக்கு என்ன தோன்றும் என்று யோசித்துப் பார்த்தேன். ரோஷம் வரும், நாலு நாள் முகம் கொடுக்க மாட்டேன், உண்மை. ஐந்தாம் நாள் மாத்திரை போட்டாயா என்று கேட்பேன். எல்லாரும் அப்படி இருக்க மாட்டார்கள், கீழப்பாவூர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அம்மாடி, வாந்தியும் தூக்கமின்மையும் வரப்போகிற மாதம் இது, இரண்டுமே வலிப்பைக் கூட்டும், அதையும் ஒளித்து எப்படிச் சமாளிப்பாய்? ஒருத்தருக்காவது தெரிந்திருக்க வேண்டும் அந்த வீட்டில்.

சேர்மாதேவி மருமகள் | மறுநாள், இரவு 9.30

மாத்திரை போட்டேன் அக்கா. இன்று காலையில் போனோம், திருநெல்வேலி ஜங்ஷனுக்கு, செங்கோட்டை பாசஞ்சரில். நாள் தள்ளியிருக்கிறது, டாக்டரைப் பார்க்கணும் என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போனேன், அவருக்கு ஒரே சந்தோஷம், பேட்டை தாண்டும் வரை பெயர் யோசித்துக்கொண்டே வந்தார். அதைக் கெடுக்கவா என்று நினைத்து நினைத்து, வண்டி ஊருக்குள் நுழையும்போது டப்பாவை அவர் கையில் கொடுத்துச் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இறங்கி, ஆட்டோ பேசி, ஆஸ்பத்திரி வந்து, சீட்டு வாங்கி, முறை வரும் வரை ஒரு வார்த்தை இல்லை. உள்ளே போனதும் டாக்டர் "எத்தனை வருஷமா மாத்திரை?" என்று கேட்டார், நான் வாய் திறக்குமுன் இவர் சொன்னார், "ஒன்பது வருஷம், ரெண்டு நாள் விட்டுப்போச்சு".

லெவெடிராசெட்டம் சேர்த்திருக்கிறார்கள், அது மெல்ல ஏற, வால்ப்ரோயேட் மெல்ல இறங்க வேண்டுமாம். ஃபோலிக் ஆசிட் தந்தார்கள். அத்தைக்கு இன்னும் சொல்லவில்லை.

மருந்துக்கடை மச்சான் | இரவு 9.41

"ரெண்டு நாள் விட்டுப்போச்சு"! மச்சினன் பாஸ்.

உன் வகை, அதாவது காலையில் கை வெட்டுகிற வகைக்கு, லெவெடிராசெட்டம் நல்ல தேர்வுதான், லாமோட்ரிஜின் சில பேருக்கு அந்த வெட்டலைக் கூட்டிவிடும். ஆரம்பத்தில் எரிச்சல், கோபம் வரலாம், அதிகமானால் சொல்லு, மாத்திரையால் வருவது, உன் குணமில்லை.

நாங்குநேரி நித்திலம் | இரவு 10.20

லாமோட்ரிஜின் என்றதும் நானும் வருகிறேன். எனக்கு அதில்தான் இரண்டு பிள்ளைகளும். யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம், கர்ப்பத்தில் உடம்பு இந்த மருந்தை வேகமாகக் கரைத்து வெளியே தள்ளிவிடும், அதே டோஸ் போட்டாலும் ரத்தத்தில் அளவு பாதிக்கும் கீழே போகலாம். முதல் பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் ஒரே வாரத்தில் இரண்டு வலிப்பு, மூன்று தரம் டோஸ் கூட்டினார்கள். அப்புறம் பிரசவம் ஆனதும் கரைப்பது நின்றுவிடும், கூட்டின டோஸ் அப்படியே இருந்தால் அதுவே அதிகமாகிவிடும். எனக்கு எட்டாம் நாள் எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிந்தது, நடந்தால் தள்ளாடியது, பச்சை உடம்பு, ரத்தம் இல்லை என்று ஆட்டு ஈரல் வாங்கிக் கொடுத்தார்கள். மருந்து அதிகம் என்று கண்டுபிடிக்க ஐந்து நாள் ஆயிற்று. லெவெடிராசெட்டம் அளவும் இறங்கும் என்று என் டாக்டர் சொன்னார். ரத்த அளவு பார்க்கும் வசதி இருந்தால் கேட்டுக்கொள்.

மேலப்பாளையம் நிலா | காலை 5.10

ஒரு சந்தேகம். நான் நான்கு மாதம், கார்பமாசெபைன். நோன்பு வருகிறது, சஹருக்கும் இஃப்தாருக்கும் மாத்திரை போட்டால் போதாதா?

பிரசவ வார்டு அக்கா | காலை 8.00

நிலா, மாத்திரை நேரம் ஒருவாறு பொருந்தினாலும் தூக்கம் கெடும், தண்ணீர் குறையும். கர்ப்பிணிக்கும் நோயாளிக்கும் பிறகு நோற்றுக்கொள்ளச் சலுகை இருக்கிறது என்று உங்கள் ஆலிமே சொல்லுவார், நீ இரண்டுமாக இருக்கிறாய். இதே கேள்வியைத் திருச்செந்தூர் சஷ்டி விரதத்துக்கு என்னிடம் கேட்காத வருஷம் இல்லை.

ஓய்வு டீச்சர், பாளை | காலை 10.30

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திராவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? 1998இல் இருந்து அங்கே வலிப்பு உள்ள கர்ப்பிணிகளுக்கென்றே ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள், கேரள வலிப்பு - கர்ப்பப் பதிவேடு என்று. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே பதிந்து, குழந்தை பிறந்த பிறகும் வளர்ச்சியைத் தொடர்ந்து பார்க்கிறார்கள். நம் பக்கத்து ஜனம் நாகர்கோவில் வழியாகப் பஸ் பிடித்து அங்கே போவது புதிதில்லை. கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்கள் யாராவது இதைப் படித்தால், எங்கே முடியுமோ அங்கே, முகூர்த்தம் குறிக்குமுன் ஒரு தரம் போய்வாருங்கள்.

சேர்மாதேவி மருமகள் | மூன்று மாதம் கழித்து, மாலை 6.00

டிஃபா ஸ்கேன் முடிந்தது, 19 வாரம். முதுகு, இதயம், உதடு எல்லாம் சரியாக இருக்கிறது. தென்காசி அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி மாத்திரை பெயரைச் சொல்லிவிட்டுத்தான் படுத்தேன், அந்த டாக்டர் முதுகை மட்டும் கால் மணி நேரம் பார்த்தார். வால்ப்ரோயேட் முழுக்க நின்றுவிட்டது. நடுவில் ஒரு நாள் கை வெட்டியது, டோஸ் கூட்டினார்கள்.

அத்தைக்குத் தெரிந்துவிட்டது. கிராமச் செவிலியர் அக்கா அட்டையில் எழுதுவதற்கு வீட்டுக்கு வந்தார், பிக்மி என்கிற கர்ப்பப் பதிவு நம்பர் எல்லாம் கேட்டுவிட்டு "வேறு மாத்திரை எதுவும் உண்டா" என்று அத்தை முன்னாலேயே கேட்டார். இவர் சொல்லிவிட்டார். அத்தை ஆறு நாள் பேசவில்லை (டீச்சரம்மா நாலு நாள் என்றீர்கள்). ஏழாம் நாள் வந்து, பிள்ளைக்கும் வருமா என்று கேட்டார்கள். என்ன சொல்வது?

பிரசவ வார்டு அக்கா | மாலை 6.40

ஸ்கேன் கேட்டு மனசு நிறைந்தது. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வருவது நூறில் சுமார் ஐந்து, வகையைப் பொறுத்துக் கூடும் குறையும், மற்றவர்களுக்கு ஒன்று இரண்டு. தொண்ணூற்றைந்து பேருக்கு வராது என்று சொல்லு அத்தையிடம்.

கீழப்பாவூர் குளம் | மாலை 7.15

பிரசவம் ஆபரேஷன்தானே? என் அக்காவுக்கு வலிப்பு என்றதும் நாள் குறித்துக் கிழித்துவிட்டார்கள்.

பிரசவ வார்டு அக்கா | இரவு 8.30

வலிப்பு இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆபரேஷன் தேவையில்லை. பிரசவ வலியின்போது வலிப்பு வருவது நூறில் ஒருவர் இருவருக்குத்தான், அதுவும் பெரும்பாலும் மாத்திரை விட்டுப்போவதால். வார்டில் நடப்பது என்ன தெரியுமா, பெண்ணை உள்ளே அழைத்துக்கொள்வோம், மாத்திரைப் பை வெளியே அம்மா கையில் இருக்கும், பன்னிரண்டு மணி நேரம் வலி, ஒரு வேளை மாத்திரை போயே போய்விடும். அதனால் இரண்டு வேளைக்கான மாத்திரையை உன் கையிலேயே வைத்துக்கொள், பணியில் இருக்கும் செவிலியரிடம் ஒவ்வொரு பணிமாற்றத்திலும் சொல்லு. வலி குறைய பெத்தடின் ஊசி வேண்டாம், அது வலிப்பைத் தூண்டலாம். முதுகில் போடும் ஊசி போடலாம்.

பின் மாதங்களில் யாருக்காவது வலிப்பு வந்தால், பழைய வலிப்புதானே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள், ரத்தக்கொதிப்பால் வரும் பேறுகால வலிப்பாகவும் இருக்கலாம், அதற்கு மருந்து வேறு, மக்னீசியம் சல்ஃபேட். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் ஒன்றும் திணிக்காமல், கடிகாரத்தைப் பார்த்து, 108.

முக்கூடல் பீடிக்காரி | இரவு 9.50

எனக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம். சொல்லாமல் விட்டது ஒன்று, பிள்ளை குளிப்பாட்டுவது. ஆச்சி காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவாள், எனக்கும் ஆசை. தனியாகச் செய்யக் கூடாது, பக்கத்தில் ஆள் வேண்டும். பால் கொடுப்பதும் தரையில் பாய் விரித்து, சுவரில் சாய்ந்து. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவதில்லை. ஆற்றுக்குத் தனியாகப் போவதை விட்டு வருஷமாயிற்று, அதுதான் பெரிய நஷ்டம். தாய்ப்பால் கொடுக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள், நான் கொடுக்கிறேன், டாக்டர்தான் கொடுக்கச் சொன்னார், பிள்ளை அளவுக்கு மீறித் தூங்கினால் மட்டும் காட்டச் சொன்னார்.

சேர்மாதேவி மருமகள் | நான்கரை மாதம் கழித்து, விடியற்காலை 3.20

பெண் குழந்தை. 2 கிலோ 900. சுகப்பிரசவம், பதினோரு மணி நேரம், மாத்திரை முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். பிறந்ததும் வைட்டமின் கே ஊசி போட்டார்கள். சங்கரன்கோவிலுக்கு அனுப்பாமல் தலைப்பிரசவம் இங்கேயே வைத்துக்கொண்டோம், அம்மாவும் இங்கேதான் இருக்கிறாள், அதில் ஒரு சின்ன மனஸ்தாபம், அதை வேறு இழையில் எழுதுகிறேன்.

ராத்திரி பத்து மணிக்குப் பால் கொடுத்துவிட்டு நான் தூங்க வேண்டும், இரண்டு மணிப் பாலைப் பிழிந்து வைத்ததை அத்தை பாலாடையில் கொடுப்பார்கள், அப்படித்தான் ஏற்பாடு. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்று அவர்களே வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் விளக்குகிறார்கள், தெருவுக்கே தெரியும் இப்போது. அப்பா பார்க்க வந்தபோது அத்தை அவரிடம் காபியைக் கொடுத்துவிட்டு, "சொல்லியிருந்தா நாங்களே ரெண்டு மாசம் தள்ளி முகூர்த்தம் வச்சிருப்போமே" என்றார்கள். அப்பா டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை.

குழந்தை ஆரம்ப வாரங்களில் அந்த மாத்திரையில் இருந்தவள், அதனால் பேச்சு எப்படி வருகிறது, முகம் பார்க்கிறாளா என்று தொடர்ந்து பார்க்கணும் என்று சொல்லியிருக்கிறார்கள். நாற்பத்தைந்தாம் நாள் தடுப்பூசிக்குப் போகும்போது காட்டணும். இன்றைக்கு எட்டாம் நாள், நித்திலம் அக்கா. எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது. டோஸ் குறைக்க வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இவ்வளவு எழுதக் கூடாது, தூங்கணும், அத்தை எழுந்து பார்த்தால் போனைப் பிடுங்கிவிடுவார்கள்.

தென்காசி மழை | காலை 6.05

பெயர் என்ன வைத்தீர்கள்?